வொரம் பெர்சி: ஊர் போய்விட்டது, கோயில் நிற்கிறது. சுவரையும் ஆவணத்தையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது?

சுவடித்தூசி கேட்டது:

வணக்கம். வட யார்க்‌ஷயரில் மால்டன் பட்டணத்துக்குத் தென்கிழக்கே, வோல்ட்ஸ் என்னும் வெண்சுண்ண மேட்டுநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள வொரம் பெர்சி பற்றிய கேள்வி இது. மேட்டின்மேல் வீடுகள் இருந்த இடமெல்லாம் புல் மூடிக் கிடக்கிறது. கீழே பள்ளத்தாக்கில் கூரையில்லாத புனித மார்ட்டின் கோயிலும், அதற்குத் தெற்கே ஒரு குளமும், பிற்காலத்துத் தொழிலாளர் வீடுகளும் மட்டும் நிற்கின்றன.

படித்தவற்றில் சில ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கோயிலின் நடுக்கூடத்துச் சுவர்களில், இரண்டு பக்கமும், அடைத்துவிட்ட வளைவுகள் தெரிகின்றன. பக்கக்கூடங்களை இடித்துக் கோயிலைச் சுருக்கியிருக்கிறார்கள். ஊர் சுருங்கியதால் கோயிலும் சுருங்கியது என்று இதை எடுத்துக்கொள்ளலாமா? கோயிலின் அளவை வைத்து ஊரின் மக்கள்தொகையைக் கணக்கிட முடியுமா?

1349இல் வந்த கொள்ளைநோய்தான் ஊரை அழித்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1368இல் 30 வீடுகள், 1458இல் 16 வீடுகள் என்று ஆவணக் கணக்கு போகிறது. பிறகு 1517 விசாரணையில் நான்கு வீடுகள் பாழானதாக மட்டும் வருகிறது. 16 எப்படி 4 ஆனது, மீதி எங்கே போயின?

கடைசியாக, இங்கே கிடைத்ததாகச் செய்திகளில் வந்த, கத்தி பட்டு எரிந்த மனித எலும்புகள். அது உண்மையில் எவ்வளவு உறுதியான செய்தி?


கல்வரிசை எழுதியது:

கோயிலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆவணங்களை வேறு யாராவது சொல்லட்டும்.

வழிபாடு நடக்கும் கோயிலில் தரையைத் தோண்ட யாரும் விடமாட்டார்கள். அதனால் இங்கிலாந்தின் பெரும்பாலான பங்குக் கோயில்களுக்கு, அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்கெல்லாம் பொதுவான கோயில்களுக்கு, தரைக்கு மேலே உள்ள வரலாறு மட்டுமே தெரியும். வொரமில் வழக்கமான வழிபாடு 1949இல் நின்றது. கூரையின் ஈயத் தகடு போனது, 1960ஐ ஒட்டி மணிக்கோபுரத்தின் ஒரு பக்கம் சரிந்தது. ஒரு கட்டடத்துக்கு நேர்ந்த இந்தச் சோகம்தான், 1962 முதல் 1974 வரை அதன் உள்ளும் புறமும் முறையாக அகழ வழிவிட்டது. சுவர் காட்டுவதைத் தரைக்கடியில் இருப்பது சரிபார்த்துத் தந்த அரிய இடம் இது.

வரிசை ஏறத்தாழ இப்படி. 10ஆம் நூற்றாண்டில் ஒரு சிறு மரக்கோயில். அதில் எஞ்சியவை கம்பம் நட்ட குழிகள் மட்டுமே. அடுத்து அதே இடத்தில் இரண்டே அறைகள் கொண்ட சிறு கற்கோயில்: மக்கள் நிற்கும் நடுக்கூடமான நேவ், பலிபீடம் இருக்கும் சான்சல், அவ்வளவுதான். அதைச் சுற்றி, அதைவிடப் பெரிய கோயில் ஒன்று, அரைவட்ட முனை கொண்ட சான்சலோடு எழுந்தது. 12ஆம் நூற்றாண்டில் மேற்கே மணிக்கோபுரம், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் பக்கக்கூடம், 13ஆம் நூற்றாண்டில் வட பக்கக்கூடம், 14ஆம் நூற்றாண்டில் வடகிழக்கில் ஒரு சிற்றாலயம். பிறகு எல்லாம் தலைகீழ். 1500ஐ ஒட்டித் தென் பக்கக்கூடம் போனது. வடக்கும் பின்னால் போனது. 17ஆம் நூற்றாண்டில் சான்சலின் நீளத்தையும் குறைத்தார்கள். இன்று நீங்கள் பார்ப்பது ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டு நேவின் அளவுக்குத் திரும்பிவந்த கட்டடம்.

இனி சுவரைப் படிக்கும் முறை. முதலில் உள்ளே போகாதீர்கள். வெளியே நின்று வளைவின் கற்களைப் பாருங்கள். வளைவுக்கற்கள் செதுக்கி இழைத்தவை. அவற்றுக்கு நடுவே அடைத்த சுவர் முரட்டுக் கல். கல்லின் நிறமும் காரைக் கோட்டின் தடிமனும் அந்த எல்லையில் மாறும். அடுத்து நேர்க்கோட்டு இணைப்பைத் தேடுங்கள். ஒரே காலத்தில் கட்டிய சுவரில் ஒரு வரிசைக் கல்லின் இணைப்பை மேல் வரிசைக் கல் மூடியிருக்கும். இணைப்புகள் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் ஓடினால், ஏற்கெனவே நின்ற சுவரில் புதியதைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மூலைக்கற்கள் சுவரின் நடுவில் தெரிந்தால் அங்கே ஒருகாலத்தில் கட்டடம் முடிந்திருக்கிறது. கோபுரத்தின் கிழக்கு முகத்தில் கூரை உட்கார்ந்த தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது கடைசி வேலை. செங்குத்தான தழும்பு பழைய கூரை. சாய்வு குறைந்தது பின்னாளில் ஈயம் போர்த்திய கூரை.

சாய்வெயிலில்தான் இதெல்லாம் கண்ணுக்குப் படும். உச்சி வெயிலில் சுவர் முழுக்கத் தட்டையாகத் தோன்றும்.

எங்கே தவறு வரும் என்றால், சன்னலை வைத்துச் சுவருக்குக் காலம் சொல்லும்போது. பக்கக்கூடத்தை இடித்தவர்கள் நல்ல சன்னலை வீணாக்கமாட்டார்கள். கழற்றி, வளைவை அடைக்கும் சுவரில் வைத்துவிடுவார்கள். அப்போது சன்னலின் வயது ஒன்று, அதைத் தாங்கும் சுவரின் வயது வேறு. அரைவட்ட வளைவு என்றால் சுமார் 1180 வரை, குறுகிய கூர்முனைச் சன்னல் என்றால் 13ஆம் நூற்றாண்டு, கொடிபோல் வளையும் கல்வேலை என்றால் 14ஆம் நூற்றாண்டின் முற்பாதி, நேர்க்கம்பிகளாக மேலேறும் கல்வேலை என்றால் அதன்பின் 1540 வரை என்ற வாய்ப்பாடு செதுக்கிய கல்லுக்குத்தான் பொருந்தும். அந்தக் கல் இன்று நிற்கும் இடத்துக்குப் பொருந்தாது.

இன்னொன்று பொருள் சார்ந்தது. உள்ளூரில் கைக்கெட்டும் கல் வெண்சுண்ணம். அது மென்மையானது, நீரைக் குடிக்கும். குடித்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும், கல் பொரிந்து உதிரும். அதனால் மூலை, சன்னல் சட்டம், வளைவு ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து வண்டியில் வந்த மணற்கல்லும் சுண்ணக்கல்லும் வேண்டும். வண்டிக்கூலி கொடுத்த கல் என்பதால்தான் அவற்றை மறுபடி மறுபடி எடுத்து ஆண்டார்கள். வொரமின் சுவரில் இடம் மாறிய கற்கள் இத்தனை இருப்பதற்கு இதுவே காரணம்.

மக்கள்தொகைக் கேள்விக்கு: கோயில் அளவை வைத்துக் கணக்கிட முடியாது. இடைக்காலக் கோயிலில் மக்களுக்கு இருக்கை பெரும்பாலும் கிடையாது, நின்றார்கள். பக்கக்கூடம் கட்டியதற்கு இடநெருக்கடி ஒரு காரணமாக இருக்கலாம். கூடுதல் பலிபீடம், இறந்தவருக்கான திருப்பலி, பவனி, ஊர் நிலத்தின் உடைமையாளரான மேனர் பிரபுவின் குடும்பம் தன் செல்வாக்கைக் கல்லில் காட்டிக்கொள்வது எல்லாமும் காரணங்கள்தாம்.


ஓலைப்பெட்டி எழுதியது:

கல்வரிசை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், அதுதான் உங்கள் முதல் கேள்விக்கு முதன்மையான விடை. புனித மார்ட்டின் கோயில் வொரம் பெர்சி என்ற ஒரு ஊருக்கான கோயில் அல்ல. அது ஒரு பங்கின் தாய்க்கோயில். வொரம் பெர்சி, திக்ஸன்டேல், ரெய்ஸ்தார்ப், பர்டேல், டௌதார்ப் என ஐந்து ஊர்கள் அந்தப் பங்கில் இருந்தன. வொரமில் வீடுகள் காலியான பிறகும் திக்ஸன்டேல் மக்கள் மேட்டுநிலம் தாண்டி நடந்து இங்கேதான் வந்தார்கள். ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் இங்கேதான். திக்ஸன்டேலுக்குத் தனிக் கோயில் 1870இல்தான் எழுந்தது. ஊர் போய் ஏறத்தாழ 450 ஆண்டுகள் கோயில் உயிரோடு இருந்ததன் காரணம் அதுவே. ரெய்ஸ்தார்ப், பர்டேல், டௌதார்ப் ஆகியவையும் பின்னாளில் ஓரிரு பண்ணைகளாகச் சுருங்கின. ஆகவே பக்கக்கூடங்கள் போனதைப் பங்கு முழுவதன் தேய்வோடு வைத்துப் பாருங்கள். வொரமின் வீட்டுக் கணக்கோடு மட்டும் கட்டினால் தப்பாகிவிடும்.

வருமானம் என்ற பக்கமும் உண்டு. 1327இல் இந்தக் கோயில் ஹல் அருகிலுள்ள ஹால்டம்பிரைஸ் துறவியர் மடத்துக்குப் போனது. அதாவது தானியத்தில் பத்தில் ஒரு பங்கான பெருந்தசமபாகம் மடத்துக்கு. இங்கே இருந்து பூசை வைக்கும் விகாருக்கு அதில் ஒரு பகுதியோ, மற்ற சிறு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான சிறுதசமபாகமோ. வழக்கப்படி சான்சலைப் பழுதுபார்ப்பது பெருந்தசமபாகம் வாங்குபவரின் கடமை; நேவ் பங்கு மக்களின் கடமை. எனவே சான்சல் சீரழிந்தது, பக்கக்கூடம் இடிந்தது ஆகிய இரண்டையும் ஒரே காரணத்தில் கட்டவேண்டாம். இரண்டு வெவ்வேறு பைகளிலிருந்து வந்த பணம் அது.

இனிக் கொள்ளைநோய். 1349இல் யார்க்‌ஷயரில் சாவு கடுமையாக இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் வொரமின் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1323ஆம் ஆண்டு விசாரணைப் பத்திரத்திலேயே உழாமல் கிடந்த நிலமும் பாழான ஆலைகளும் பேசப்படுகின்றன. 1315 முதல் 1317 வரை மழை விடாமல் கெடுத்த விளைச்சலும் பஞ்சமும், 1314 பானக்பர்ன் போருக்குப் பின் வடக்கே ஸ்காட்லாந்துப் படைகள் நடத்திய கொள்ளையும் அந்தக் காலத்துச் சூழல். பிறகு 1368இல் 30 வீடுகளில் ஆள் இருக்கிறார்கள். நோய் ஊரைக் கொன்றிருந்தால் இருபது ஆண்டில் இத்தனை வீடு இருக்காது.

நோய் செய்தது வேறு. உழைப்பவர்கள் நாடெங்கும் குறைந்தார்கள், கூலி ஏறியது, நல்ல மண்ணுள்ள ஊர்களில் நிலம் காலியானது. மெல்லிய மண்ணும் குறைந்த நீரும் உள்ள வோல்ட்ஸில் யார் தங்குவார்கள்? ஒருவர் ஒருவராகப் போயிருக்க வேண்டும். மறுபக்கம் தானிய விலை தாழ்ந்தும் கம்பளிக்குக் கேட்பு குறையாமலும் இருந்தது. உழவுக்கு எட்டு எருதும் பல ஆட்களும் வேண்டிய நிலத்தை ஓர் இடையரும் நாயும் பார்த்துக்கொள்ள முடியும். 1403ஐ ஒட்டி வொரம் ஊர் பெர்சி குடும்பத்திடமிருந்து டரம் பகுதியின் ஹில்டன் குடும்பத்துக்கு மாறியது. தொலைவில் இருக்கும் புது உடைமையாளருக்கு இங்கே வாடகைதான் கணக்கு.

நான்கு வீட்டுப் புதிருக்கு வருகிறேன். அது புதிரே அல்ல, விசாரணையின் கேள்வியில்தான் விடை இருக்கிறது. 1517இல் அரசரின் முதன்மை அமைச்சர் கர்தினால் வுல்சி அனுப்பிய ஆணையர்கள், 1488 மைக்கேல்மாஸ் திருநாளுக்குப் பின் அழிந்த வீடுகளையும் புல்லாக மாறிய உழவு நிலத்தையும் மட்டுமே கேட்டார்கள். அதற்கு முன் போனவை அவர்கள் கணக்கில் வராது. ஆகவே ‘பிரபு ஹில்டன் நான்கு ஏர்களை நிறுத்தி நான்கு வீடுகளைப் பாழாக விட்டார்’ என்ற பதிவு ஊரின் கடைசி நான்கு வீடுகளைச் சொல்கிறது. 1458இல் இருந்த 16இல் மீதி வீடுகள் நடுவில் இருந்த 30 ஆண்டில் சத்தமில்லாமல் போயிருக்கின்றன. இங்கிலாந்தில் 3,000க்கு மேற்பட்ட கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் உண்டு. அவற்றில் பல 1517 விசாரணையில் பெயரளவுக்குக்கூட இல்லாததற்கு இதே தேதிதான் காரணம்.

ஓர் ஊருக்கு நீங்கள் ஆவணம் தேடுவதானால் வரிசையாகப் போவது நல்லது. 1086இல் அரசர் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் உள்ள ஆட்கள் குடும்பத் தலைவர்கள் மட்டுமே, 4.5 அல்லது 5ஆல் பெருக்குவது வழக்கம். யார்க்‌ஷயர் பக்கங்களில் ‘பாழ்’ என்று வந்தால் 1069-70இல் வில்லியம் வடக்கைச் சூறையாடியது என்று உடனே எழுதிவிடாதீர்கள். வரி வராத நிலம், விவரம் கிடைக்காத நிலம் என்பதையும் அதே சொல்லால் குறித்திருக்கலாம். கோயில் குறிப்பிடப்படவில்லை என்றால் கோயில் இல்லை என்று பொருளல்ல.

அடுத்து, நிலவுடைமையாளர் இறந்ததும் நடந்த விசாரணைப் பத்திரங்கள். லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி 132 முதல் சி 142 வரையிலான தொடர்கள். அரசரிடம் நேராக நிலம் வைத்திருந்தவர் இறந்தால் மட்டுமே இது எழுதப்படும். உள்ளூர் நடுவர்கள் மதிப்பைக் குறைத்துச் சொல்வதும், கைம்பெண்ணுக்கு உரிய மூன்றில் ஒரு பங்கு வேறு பத்திரத்தில் இருப்பதும் சாதாரணம். அதைக் கவனிக்காமல் ‘ஊரில் மூன்றில் ஒரு பங்கு காணவில்லை’ என்று எழுதியவர்கள் உண்டு.

வரிப் பத்திரங்கள் அதே காப்பகத்தில் ஈ 179 தொடரில். 1334 வரிக்கணக்கில் ஊருக்கு ஒரே தொகை நிர்ணயித்துவிட்டார்கள், அது பின்னர் மறுமதிப்பீடு இல்லாமல் அப்படியே உறைந்துவிட்டது. 1400இல் அதே தொகை எழுதியிருப்பதால் ஊர் அதே நிலையில் இருந்தது என்று நினைக்கவே கூடாது. 1352 முதல் 1354 வரை கொடுத்த வரித் தள்ளுபடி இருந்தால் அதுதான் நோயின் தடம். 1377 தலைவரி ஒப்பீட்டளவில் நம்பத்தக்கது: 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் 4 பென்ஸ், பிச்சை எடுப்போர் நீங்கலாக. 1381 தலைவரியில் ஏய்ப்பு மிக அதிகம். அதை 1377ஓடு ஒப்பிட்டு ‘நான்கே ஆண்டில் இத்தனை பேர் மறைந்தார்கள்’ என்றால் மறைந்தவர்கள் வீட்டுக்குள்தான் இருந்திருப்பார்கள்.


சுவடித்தூசி கேட்டது:

மிக்க நன்றி. 1488 என்ற தேதி எல்லாவற்றையும் தெளிவாக்கிவிட்டது. இன்னும் இரண்டு உண்டு. வொரமின் குடியானவர் வீடுகள் தலைமுறைக்கு ஒருமுறை இடிந்து புதிதாகக் கட்டப்பட்டவை என்று ஒரு நூலிலும், உறுதியான வீடுகள் என்று இன்னொன்றிலும் இருக்கிறது. எது சரி? தரைமேட்டில் எந்தக் கோடு வீடு, எந்தக் கோடு கொல்லை என்று எப்படிப் பிரிப்பது?


மேய்ச்சல்மேடு எழுதியது:

இரண்டும் ஒரே அகழ்விலிருந்து வந்த விளக்கங்கள், காலம்தான் வேறு. பின்னது சரி.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பொருளாதார வரலாற்றாளர் மாரிஸ் பெரஸ்ஃபர்ட் 1948இல் இந்த இடத்துக்கு வந்தார், 1950இல் தோண்டத் தொடங்கினார். புல்லுக்கடியில் இருப்பது வீடுதானா என்று உறுதிசெய்வதே அப்போது நோக்கம், ஏனென்றால் இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ஊர்கள் அவ்வளவாக இல்லை என்று கருதியவர்கள் அன்று இருந்தார்கள். சுவர் கிடைத்தால் அதன் ஓரமாகவே குழி வெட்டிப் போவது அன்றைய பழக்கம். வெண்சுண்ண நிலத்தில் அது தோற்றுவிடும்: நின்ற சுவரும் வெண்சுண்ணம், சரிந்த கற்குவியலும் வெண்சுண்ணம், கீழே இயற்கைப் பாறையும் வெண்சுண்ணம். சுவரைத் துரத்துபவர் சரிவைச் சுவராக எண்ணிவிடுவார், அல்லது உண்மையான சுவரைக் குப்பை என்று அள்ளிவிடுவார். சுவருக்கும் தரைக்கும் உள்ள அடுக்குத் தொடர்பும் அந்தக் குழியிலேயே வெட்டுப்பட்டுப் போகும்.

1952இல் ஜான் ஹர்ஸ்ட் சேர்ந்தார். டென்மார்க்கின் ஆக்சல் ஸ்டீன்ஸ்பெர்க் கையாண்ட முறையைப் பின்பற்றி, ஒரு மனையின் பரப்பு முழுவதையும் திறந்து, மேலிருந்து அடுக்கடுக்காக, ஒவ்வொரு கல்லையும் வரைந்து எடுத்தார்கள். 1990 வரை நாற்பது பருவங்கள் வேலை நடந்தது, பெரும்பாலும் சூலையில் மூன்று வாரம். இங்கிலாந்தின் சிற்றூர் அகழ்வு முறையையே இது மாற்றியது.

இப்படி எடுத்ததில், ஒரே வீட்டின் சுவர்கள் பலமுறை இடம் மாறி எழுந்திருப்பது தெரிந்தது. அதனால்தான் ‘தலைமுறைக்கு ஒரு வீடு’ என்ற முடிவு வந்தது. பின்னர் ஸ்டூவர்ட் ராத்மெல் அதே வரைபடங்களை வைத்து வேறு கேள்வி கேட்டார்: கூரையைத் தாங்கியது சுவர்தானா? வளைந்த மரத்தை நெடுகப் பிளந்து இரண்டாக்கி, இரு கால்களையும் கல்மேல் நிறுத்தி, உச்சியில் சேர்ப்பார்கள். க்ரக் என்பது அதன் பெயர். கூரையின் பாரம் முழுக்க அந்த ஜோடி மரங்களில் இறங்கும். நடுவே உள்ள சுவர் காற்றுக்கும் மழைக்கும் மறைப்பு, அவ்வளவே. அடிச்சுவர் வெண்சுண்ணம், ஈரம் ஏறி உறைந்து பொரியும். மரச்சட்டம் அப்படியே நிற்க, சுவரை மட்டும் தள்ளிவிட்டு அரையடி உள்ளேயோ வெளியேயோ புதிதாக எழுப்பலாம். அகழ்வில் கிடைத்தது மறைப்பின் மாற்றங்கள். வீடு நூற்றாண்டுக்கணக்கில் அதே வீடுதான்.

இது சிறு திருத்தம் அல்ல என்று நினைக்கிறேன். இற்றுப்போகும் குடிசையில் வாழ்ந்தவர்கள் என்ற படம் போய், தச்சரை வைத்து நல்ல மரம் வாங்கிக் கட்டிய குடியானவர் என்ற படம் வந்தது. பல வீடுகள் நீள்வீடுகள்: ஒரு பாதியில் மக்கள், நடுவே குறுக்கு வழி, தாழ்ந்த பாதியில் மாடு. சரிவான இடத்தில் மாட்டுப் பக்கம் எப்போதும் கீழே, இல்லையென்றால் கோமியம் அடுப்பங்கரைக்கு வந்துவிடும். தரை நடுவில் குழிந்து தேய்ந்திருப்பதை அகழ்ந்தவர்கள் கண்டார்கள். பெருக்கிப் பெருக்கி ஏற்பட்ட தேய்வு. அந்தத் துப்புரவால் நமக்கு ஓர் இழப்பும் உண்டு: வீட்டுக்குள் பொருள்கள் அரிதாகவே கிடைக்கின்றன, உடைந்த பானையெல்லாம் குப்பைமேட்டுக்குப் போய், அங்கிருந்து எருவோடு வயலுக்குப் போய்விட்டது. வயலில் சிதறிக் கிடக்கும் ஓடுகளைப் பார்த்து அங்கே வீடு இருந்தது என்று சொல்வது இதனால்தான் ஆபத்து.

தரைமேட்டைப் பிரிக்க, முதலில் தெருவைக் கண்டுபிடியுங்கள். வண்டியும் மாடும் மழைநீரும் தேய்த்துத் தெரு அழுந்தி, இருபுறத்தையும்விடத் தாழ்ந்த நீண்ட பள்ளமாக இருக்கும். அதை ஒட்டி வரிசையாக மேடான செவ்வகங்கள் மனைகள், டாஃப்ட் என்பார்கள். ஒவ்வொரு மனைக்கும் பின்னால் அதே அகலத்தில் நீளமாக ஓடுவது கொல்லை, க்ராஃப்ட். வீடு மனைக்குள் இருக்கும் தாழ்ந்த நீள்சதுரக் கோடு, பெரும்பாலும் இரு நீண்ட பக்கங்களிலும் எதிரெதிரே வாசலுக்கான இடைவெளி இருக்கும். மனைக்குள் ஒழுங்கற்ற வட்டப் பள்ளம் தெரிந்தால் கிணறு என்று எழுதிவிடாதீர்கள். வீட்டுக்காரர் தம் சுவருக்கு வெண்சுண்ணம் வெட்டிய குழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீர் பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வந்தது.

கொல்லைகளுக்கு அப்பால் மேடும் பள்ளமுமாக அலையலையாக ஓடுவது உழவுச் சால்கள். எருதுக் கணக்கில்தான் நிலத்தை அளந்தார்கள்: எட்டு எருது பூட்டும் ஏருக்கு ஒரு கேருகேட், ஓர் எருதின் பங்கு ஒரு பொவேட். பொவேட் இத்தனை ஏக்கர் என்று நிலையான அளவு கிடையாது, ஊருக்கு ஊர் மாறும். உழவுச் சால் ஒரு மனையின் கோட்டுக்கு மேலே ஏறி ஓடினால் மனை முந்தியது. மனையின் கரை உழவுச் சால்களை வெட்டினால் சால் முந்தியது. எது எதை வெட்டுகிறது என்ற இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

மனைகள் இத்தனை ஒழுங்காக இருப்பதால் யாரோ ஒருவர் ஒரே மூச்சில் அளந்து போட்ட ஊர் இது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். 10ஆம் நூற்றாண்டிலா, 1069-70 அழிவுக்குப் பின் 12ஆம் நூற்றாண்டிலா என்பதில்தான் வாதம். பத்தாம் நூற்றாண்டு மரக்கோயிலை முதல் அணியினர் தம் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அது போதவில்லை: மேனர் வீட்டுக்குத் தன் கோயில் இருந்திருக்கலாம், ஊர் பிறகு வந்திருக்கலாம்.

குளம் பற்றி ஒரு வரி. கோயிலுக்குத் தெற்கே உள்ள அணைக்கரை முதலில் தானியம் அரைக்கும் நீராலைக்காக எழுந்தது. பின்னர் ஆலை போய் மீன்குளமானது. இன்று நிற்கும் நீர் அகழ்வுக்குப் பின் மறுபடி தேக்கியது.


கல்வரிசை எழுதியது:

எலும்புக் கேள்வி விடுபட்டுவிட்டது. அதில் இரண்டு தனித்தனி எலும்புத் தொகுதிகள் இருக்கின்றன, செய்திகளில் இவற்றைக் குழப்பிவிடுகிறார்கள்.

ஒன்று, கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் அகழ்ந்தபோது முறையாக எடுத்த ஏறத்தாழ 700 எலும்புக்கூடுகள். குடியானவர் உடல்நலம் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமானது இவற்றிலிருந்து வந்தது. குழந்தைகளின் எலும்பில் உள்ள நைட்ரஜன் ஐசோடோப்பை அளந்து, தாய்ப்பால் சுமார் 18 மாதம் வரை கொடுத்தார்கள் என்று கண்டது அதில் ஒன்று. ஆனால் ஓலைப்பெட்டி சொன்னதை இங்கேயும் நினைவில் வைக்கவேண்டும்: அடக்கமானவர்கள் ஐந்து ஊர்க்காரர்கள், காலமும் 10ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை நீள்கிறது. ‘வொரம் குடியானவர்’ என்று மொத்தமாக எழுதினால் சிலர் வேற்றூரார், சிலர் ஊர் அழிந்தபின் வாழ்ந்தவர்கள்.

மற்றொன்று, கல்லறையில் அல்லாமல் வீடுகள் இருந்த பகுதியில் குழிகளில் கிடைத்த 137 துண்டுகள். 1960களில் தோண்டியவை, 2017இல் ஆய்வு வெளியானது. குறைந்தது 10 பேருடையவை. ஆண், பெண், குழந்தை எல்லாரும் உண்டு. கரிமக் காலக்கணிப்பு 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை பரவியிருக்கிறது, எனவே ஒரே நாளில் நடந்த படுகொலை அல்ல. இறந்தபின் உடலைக் கத்தியால் வெட்டி, உடைத்து, எரித்திருக்கிறார்கள். வெட்டுகள் தலை, கழுத்துப் பக்கம் குவிந்திருக்கின்றன. பஞ்சத்தில் மனித இறைச்சி உண்டது என்றால் வெட்டுகள் பெருந்தசை ஒட்டும் இடங்களிலும் பெரிய மூட்டுகளிலும் இருக்கவேண்டும், அப்படி இல்லை. வெளியூரார் என்பதால் இப்படி நடத்தினார்களா என்று பார்க்கப் ஒருவர் வளர்ந்த இடத்தைக் காட்டும் பல்லின் ஸ்ட்ரான்ஷியத்தை அளந்தார்கள். இந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர்கள் என்று வந்தது.

மீதமிருப்பது, செத்தவர் எழுந்து வந்து ஊரைத் துன்புறுத்துவார் என்ற அச்சம். அப்படி எழுந்தவர்களைத் தோண்டி, வெட்டி, எரித்ததாக யார்க்‌ஷயரிலேயே 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நியூபர்க் வில்லியம் என்னும் துறவி எழுதிவைத்திருக்கிறார். ஆய்வாளர்கள் அந்த விளக்கமே சான்றோடு நன்றாகப் பொருந்துகிறது என்றார்கள், நிரூபணமானது என்று சொல்லவில்லை. உங்கள் குறிப்பில் வெட்டு, எரிப்பு, காலம், உள்ளூரார் ஆகிய நான்கையும் கண்டறிந்தவை என்று எழுதுங்கள். எழுந்துவரும் பிணம் என்பதை விளக்கம் என்று தனி வாக்கியத்தில் வையுங்கள்.


ஓலைப்பெட்டி எழுதியது:

நேரில் போகிறவர்களுக்கு: வண்டி நிறுத்துமிடத்திலிருந்து முக்கால் மைல் நடை, வெண்சுண்ணப் பாதை மழையில் வழுக்கும். முடிந்தால் ஒரு மைல் வடக்கே உள்ள வொரம்-லெ-ஸ்ட்ரீட்டின் புனித மேரி கோயிலை முதலில் பாருங்கள். அது இன்றும் மக்கள் வாழும் ஊர், 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தை ஒட்டிய கோபுரம் முழுசாக நிற்கிறது; ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள புனித ரூல் கோபுரத்தோடு அதன் கல்வேலையை ஒப்பிடுவார்கள். முழுக் கோபுரம் ஒன்றைக் கண்ட கண்ணோடு இறங்கிவந்தால், புனித மார்ட்டினில் எது விழுந்தது, எது அடைத்தது என்பது எளிதில் பிடிபடும். மனைகளைப் பார்க்கப் புல் தாழ்ந்திருக்கும் குளிர்கால மாலை சிறந்தது. கோடையில் புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டால் வீட்டுக் கோடுகள் கண்ணில் படுவது கடினம்.